குரல் டைப்பிங் மட்டும் போதாது

போனில் தமிழ் டைப் செய்ய விரல் தடுமாறுகிற பெரியவர்கள், பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் குரல் டைப்பிங்குக்கு மாறினால் போதும் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துகொண்டு சொந்த விஷயத்தை எப்படி வாய்விட்டுச் சொல்வது? என் அம்மாவுக்கு விரல் நுனி காய்ந்துபோயிருக்கும், தொட்டால் திரை கண்டுகொள்ளாது, அவரும் இன்னும் பலமாக அழுத்துவார். இந்தத் திரைகள் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரல் படும்போது மின்புலத்தில் வரும் மாற்றத்தைத்தான் உணர்கின்றன, அதனால் கொஞ்சம் கிரீம் தடவிய விரலால் மெதுவாகத் தொட்டாலே பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டின் செட்டிங்ஸில் கீபோர்டின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஸ்பேஸ் பாரில் விரலை வைத்து இழுத்தால் கர்சர் எழுத்து எழுத்தாக நகரும், தவறிய இடத்தைக் குறிபார்த்துத் தொட வேண்டியதே இல்லை. கையெழுத்து கீபோர்டும் அதிலேயே இருக்கிறது, திரையில் விரலால் தமிழ் எழுதலாம், அம்மாவுக்கு இதுதான் சரியாக வந்தது. எனக்கோ செல்லினம் என்ற தமிழ் கீபோர்டு செயலியில் இருக்கும் தமிழ்99 என்ற விசை அமைப்பு. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டலில் 'அம்மா' வந்துவிடும், புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும். தட்டல் குறைந்தால் பிழையும் குறையும். பட்டன்கள் சற்று நெருக்கம்தான், போனைக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள்.