ஐந்துக்கு நான்கு: கேசமீரோவைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?

மான்செஸ்டர் யுனைடெட் அணி தன் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் பிரான்ஸின் லியோன் அணியை 5-4 என்று வென்ற, ஐரோப்பியக் கழகங்களுக்கான யூரோப்பா லீக் போட்டியின் காலிறுதி ஆட்டத்தைப் பற்றி முகநூலிலும், வேலூர் கால்பந்து நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் வந்து குவிந்த பதிவுகளை எல்லாம் பொறுமையாகப் படித்துவிட்டேன். அவற்றில் பெரும்பாலானவை ‘விடாமுயற்சி’, ‘போராட்ட குணம்’, ‘அற்புதம்’ என்ற மூன்று சொற்களையே சுற்றிச் சுற்றி வருகின்றன. நானும் யுனைடெட் ரசிகன்தான். 1999இல் பார்சிலோனா மைதானத்தில் ஷெரிங்கமும் சோல்ஷியரும் பேயர்ன் மியூனிக் அணியின் கையில் இருந்த கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு வந்த இரவிலிருந்து ரசிகன். இருந்தும், இந்த மூன்று சொற்களும் இந்த ஆட்டத்துக்குப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

முதலில் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம், ஏனெனில் பலரும் கடைசி ஏழு நிமிடங்களை மட்டும் ரீல்ஸில் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். காலிறுதி என்பது இரண்டு ஆட்டங்கள், இரண்டின் கோல்களையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டம் லியோனில் 2-2 என்று முடிந்திருந்தது. அன்று யுனைடெட் வாங்கிய இரண்டு கோல்களிலும் அதன் கோல் கீப்பர் ஒனானாவின் கை சரியாக வேலை செய்யவில்லை என்பதை அவருடைய பரம விசிறிகளும் மறுக்க மாட்டார்கள். 2025 ஏப்ரல் 17 அன்று நடந்த இரண்டாவது ஆட்டத்தில், பத்தாவது நிமிடத்தில் யுனைடெட்டின் கர்னாச்சோ பின்னால் இழுத்துக் கொடுத்த பந்தை ஊகார்ட்டே கோலாக்கினார். முதல் பாதி முடியும் தறுவாயில் மகுவையர் பின்வரிசையிலிருந்து நீளமாகத் தூக்கிப் போட்ட பந்தை டாலோ உள்ளே அடித்தார். இடைவேளையில் 2-0, இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து 4-2. அரையிறுதிச் சீட்டு கிட்டத்தட்ட சட்டைப்பையில் இருந்தது என்றே சொல்லலாம்.

அதை வைத்துக்கொண்டு யுனைடெட் என்ன செய்தது? 71ஆம் நிமிடத்தில் லியோனின் டொலிசோ தலையால் முட்டி ஒரு கோல், 77ஆம் நிமிடத்தில் தக்லியாஃபிகோ இன்னொரு கோல். ஆறே நிமிடங்களில் இரண்டு கோல் முன்னிலை கரைந்து போனது. 89ஆம் நிமிடத்தில் டொலிசோவுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை காட்டப்பட்டு, லியோன் பத்து பேராகக் குறைந்தது. கூடுதல் நேரம் முழுவதும் ஓர் ஆள் அதிகமாக வைத்துக்கொண்டு, சொந்த மைதானத்தில் ஆடிய அணி, அந்தப் பத்து பேரிடம் மேலும் இரண்டு கோல்களை வாங்கிக்கொண்டது. ஷெர்க்கி, கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி கட்டமான பாக்ஸின் விளிம்பிலிருந்து இடது காலால் ஒன்றை அடித்தார். லூக் ஷா ஃபோஃபானாவைத் தட்டிவிட, அந்தப் பெனால்டியை லகசெட் போட்டார். அன்றைய ஆட்டத்தில் 4-2, லியோனுக்கு. ஓல்ட் டிராஃபோர்டில் பலர் எழுந்து வெளியேறினார்கள். எங்கள் குழுவிலும் ‘தூங்கப் போகிறேன், காலையில் கோயிலுக்குப் போக வேண்டும்’ என்று எழுதிவிட்டு மூன்று பேர் காணாமல் போனார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அதிகாலை இரண்டரை மணிக்கு மேல் ஆகிவிட்டதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இதில் எந்த இடத்தில் போராட்ட குணம் தெரிகிறது என்று யாராவது காட்டினால் நன்றி உடையவனாக இருப்பேன். கால்பந்தில் ஓர் ஆட்டம் ஒன்பது கோல்களில் முடிகிறது என்றால், ஒன்று தாக்குதல் மிகச் சிறப்பாக இருந்திருக்க வேண்டும், அல்லது தடுப்பாட்டம் இரண்டு பக்கமும் உடைந்துபோயிருக்க வேண்டும். இங்கே இரண்டாவதுதான் அதிகம். 70ஆம் நிமிடத்துக்குப் பிறகு நடுக்களத்துக்கும் பின்வரிசைக்கும் இடையே ஒரு லாரியைத் திருப்பி நிறுத்தும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில்தான் லியோன் ஆட்டக்காரர்கள் உலாவினார்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் அப்போது பதினான்காவது இடத்தில் இருந்த அணி, நான்கு நாட்களுக்கு முன்புதான் நியூகாசிலிடம் 4-1 என்று தோற்ற அணி, இந்த ஆட்டத்திலும் அதே நோயோடுதான் இறங்கியது. முடிவு வேறாக வந்துவிட்டதால் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் கடைசி ஏழு நிமிடங்களை நான் மட்டம் தட்டவில்லை. அவற்றைச் சரியாகப் பார்க்கச் சொல்கிறேன். அப்போது யுனைடெட் அடித்த மூன்று கோல்களிலும் பொதுவாக இருக்கும் ஒரே பெயர், நடுக்கள ஆட்டக்காரர் கேசமீரோ. 114ஆம் நிமிடப் பெனால்டியைப் புரூனோ பெர்னாண்டஸ் அடித்தார் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பாக்ஸுக்குள் தவறுக்கு உள்ளாகி அந்தப் பெனால்டியைச் சம்பாதித்தவர் கேசமீரோ. 120ஆம் நிமிடத்தில் கோபி மைனூ அந்த நெரிசலுக்குள் நின்று, அவசரப்படாமல் பந்தைச் சரிசெய்து, மூலையில் வளைத்துப் போட்டார். அவருக்குப் பந்து தந்தவர் கேசமீரோ. அடுத்த நிமிடமே மகுவையர் தலையால் முட்டி ஐந்தாவது கோலை அடித்தார். கோலுக்கு முன்னால் பந்தைத் தூக்கிப் போட்ட அந்தக் கிராஸும் கேசமீரோவுடையது. 33 வயது ஆள், 120 நிமிடம் ஓடிய காலோடு, அரங்கமே வெறிகொண்டு கத்திக்கொண்டிருந்தபோது தலை நிமிர்த்தி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் பந்தை அனுப்பியிருக்கிறார். ரியல் மாட்ரிட் அணியோடு ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியவருக்கு இது புதிதாக இருந்திருக்காது. இந்த ஆட்டத்தின் போஸ்டரில் அவர் படத்தை ஒருவர்கூடப் போடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இரண்டாவதாகப் பாராட்டப்பட வேண்டியவர் அன்றைய பயிற்சியாளர் ரூபன் அமோரிம். பின்வரிசை ஆளான மகுவையரை முன்னால் அனுப்பியதும், நடுக்களத்தில் ஆடும் மைனூவைக் கோலுக்கு அருகே நிற்க வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவுகள் அல்ல. தலையால் முட்டிக் கோல் போடக்கூடிய ஆள் தேவை, நெருக்கடியான இடத்தில் பதறாத கால் தேவை என்று கணக்குப் போட்டுச் செய்தது. ஆட்டம் முடிந்த பின் அவரும் ஏறத்தாழ இதையேதான் விளக்கினார். எதிரணியில் ஓர் ஆள் குறைவாக இருந்ததால் மட்டுமே அந்தக் கணக்கு செல்லுபடியாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை கோட்டை மைதானத்தில் சிறுவர்களுக்கு ஆட்டம் வைத்தோம். பத்து நிமிடம் பாக்கி இருக்கும்போது, ஒரு கோல் பின்தங்கியிருந்த அணியின் ஸ்டாப்பர் (பின்வரிசைத் தடுப்பு) பையன் தன் இடத்தை விட்டுவிட்டு எதிரணிக் கோலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். “ஏன்டா தம்பி, பின்னாடி யார்டா பாக்கறது?” என்று கேட்டால், “சார், மகுவையர் போனாரே சார்” என்கிறான். அடுத்த இரண்டு நிமிடங்களில் அவன் விட்டு வந்த இடத்தின் வழியாகவே இரண்டு கோல்கள் விழுந்தன. பையனைத் திட்ட மனம் வரவில்லை. பெரியவர்கள் பரப்பிய கதையைத்தானே அவன் நம்பினான்.

விதி தொடர்பாக ஒன்று. இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து கோல்கள் சமமானால், வெளியூரில் அதிக கோல் அடித்த அணி முன்னேறும் என்ற வெளியூர் கோல் விதி, ஐரோப்பியப் போட்டிகளில் 2021-22 பருவத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அது இருந்திருந்தால், மைனூ அடித்து 4-4 ஆன பிறகும் லியோன்தான் முன்னேறும் நிலையில் இருந்திருக்கும். யுனைடெட் வெளியூரில் அடித்தவை இரண்டு, லியோன் அடித்தவை நான்கு. இப்போதோ அந்தக் கோல் விழுந்த கணமே பெனால்டி ஷூட்அவுட் என்ற எண்ணம் இரு தரப்பிலும் வந்துவிட்டது. லியோன் ஆட்டக்காரர்களின் தோள்கள் தொங்கியதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள், தெரியும். அந்த ஒரு நிமிடத் தளர்ச்சியில்தான் மகுவையர் தனியாகக் குதித்தார். பத்து பேராகக் குறைந்தும் இரண்டு கோல் அடித்த லியோனின் துணிச்சலைப் பற்றி நம் ஊரில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. உண்மையில் போராட்ட குணம் என்ற சொல் அவர்களுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

‘இப்படி ஓர் ஆட்டத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை’ என்று எழுதிய நண்பர்களுக்கு 2015 டிசம்பர் 20 மறந்துவிட்டதா? கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டம். வெள்ளத்தால் அரையிறுதியைச் சென்னையில் ஆட முடியாமல் புனேவுக்குப் போக வேண்டியிருந்த நம் சென்னையின் எஃப்சி, 87ஆம் நிமிடத்தில் கோவாவிடம் 2-1 என்று பின்தங்கியது. 90ஆம் நிமிடத்தில் கோவா கீப்பர் கட்டிமணி பந்தைத் தன் வலைக்குள்ளேயே தள்ளிவிட்டார். பெனால்டிகளைத் தடுத்து அதுவரை தன் அணியைத் தாங்கிக்கொண்டிருந்தவரும் அவரே. இரண்டு நிமிடம் கழித்து மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். அன்றும் ‘மன உறுதி வென்றது’ என்றுதான் எழுதினோம். பருவத்தின் நடுவில் கடைசி இடத்தில் கிடந்த அணியைப் பயிற்சியாளர் மாட்டராசி எப்படி எடுத்து நிறுத்தினார் என்பதைப் பற்றி இந்தப் பக்கம் யாரும் விரிவாகப் பேசிய நினைவு எனக்கில்லை. கோப்பை கிடைத்தது, பட்டாசு வெடித்தோம், விட்டுவிட்டோம்.

மகுவையரின் அந்த வெற்றிக் கோல் விழுந்தபோது நான் சோபாவிலிருந்து எழுந்து கத்தினேன், வீட்டில் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள், திட்டும் வாங்கினேன் என்பதையும் மறைக்கவில்லை. மத்தியானம் பெரிய வெள்ளியின் மும்மணி ஆராதனையில், ஏப்ரல் வெயிலில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே எங்கள் வரிசையில் பாதிப் பேர் கண்ணசந்ததற்கு ஓல்ட் டிராஃபோர்டுதான் காரணம் என்பது ஆயருக்கும் தெரிந்திருக்கும். மகிழ்ச்சிக்கு நான் எதிரி அல்ல.

2025 ஏப்ரலில் இதை எழுதும்போது, மே 1 அன்று அரையிறுதியின் முதல் ஆட்டம் ஸ்பெயினின் பில்பாவோவில், அத்லெடிக் அணியின் சொந்த மண்ணில் நடக்கவிருக்கிறது. இறுதி ஆட்டமும் அதே சான் மாமெஸ் அரங்கத்தில் என்பதால் அந்த ஊர் அணி உயிரைக் கொடுத்து ஆடும். அன்று யுனைடெட் எத்தனை கோல் அடிக்கிறது என்பதை விட, 70ஆம் நிமிடத்துக்கு மேல் கேசமீரோவுக்கும் பின்வரிசைக்கும் இடையே எத்தனை அடி தூரம் இருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன். குழுவில் யாராவது உடன் உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் வீட்டுக்கு வரலாம், டீ நான் போடுகிறேன். 4-2 ஆனதும் தூங்கப் போனவர்களுக்கு மட்டும் இடம் கிடையாது.