எங்கள் தெரு யாருக்கு ஓட்டுப் போட்டது என்பது யாருக்கும் தெரியக் கூடாது

சட்டமன்றத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் இருக்கும். தெருக்குழாயில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு கட்சிக்காரரைப் பார்க்கப் போனோம். அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்ற பட்டியல். எங்கள் பூத் எண்ணைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்தார்.

"உங்க தெரு லீடு கொடுக்கலையே. கொடுத்த தெருவை முதல்ல பார்த்துட்டு அப்புறம் வர்றோம்" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

கூட வந்த அக்கா பதறிப்போய், "தம்பி, எங்க வீட்டு நாலு ஓட்டும் உங்களுக்குத்தானே போட்டோம்" என்றார். எனக்கு நெஞ்சை அறுத்தது அதுதான். ரகசியமாகப் போட்ட ஓட்டைக் குடிதண்ணீருக்காக நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டி வந்துவிட்டது.

அந்தத் தாள் திருட்டுத்தனமாக எடுத்ததில்லை. படிவம் 20 என்று பெயர். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒவ்வொரு பூத்தின் இயந்திரத்தையும் தனித்தனியாக எண்ணுவதால் பூத் வாரியாகக் கணக்கு வெளியே வருகிறது. ஒரு பூத்துக்கு 1,500 வாக்காளர் வரை என்றிருந்ததை 2025இல் 1,200 ஆகக் குறைத்தார்கள். வரிசை சுருங்கும், நல்லதுதான். ஆனால் பூத் சுருங்கச் சுருங்க, இது எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மதத்து ஓட்டு என்று கண்டுபிடிப்பது இன்னும் எளிதாகிறது. வாக்காளர் பட்டியலிலேயே தெருப் பெயர் இருக்கிறது.

"அந்த ஊரா? அது அவங்க கோட்டை." "அந்தத் தெரு ஓட்டு நமக்கு விழாது." இப்படிப் பேசாத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. நூற்றுக்கு அறுபது பேர் ஒரு பக்கம் போட்டால் மொத்தத் தெருவும் அந்தப் பக்கம் என்று முத்திரை விழுகிறது. மீதி நாற்பது பேர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. மாமனார் ஒரு கட்சி, மருமகள் ஒரு கட்சி என்று இருக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே எத்தனையோ உண்டு. ஒரு சமூகம் மொத்தமாக ஒரே பக்கம் சாய்ந்துவிடும் என்பதை நான் நம்பவே மாட்டேன். வேட்பாளரைப் பார்த்து, வேலை நடந்ததா என்று பார்த்து, கடைசி நாளில் மனம் மாறிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2019 மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் ஒன்றிய அமைச்சர் ஒருவர், விழுந்த ஓட்டைப் பொறுத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என்று மேடையிலேயே பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. அதோடு சரி.

வழி இல்லாமலும் இல்லை. வாக்குச்சீட்டு காலத்தில், ஓட்டுப் போட்டவர்களை மிரட்டுவார்கள், பழிவாங்குவார்கள் என்ற அச்சம் இருந்தால் பல பெட்டிகளின் சீட்டுகளைக் கலந்துவிட்டு எண்ண விதி 59ஏ இடம் கொடுத்தது. இயந்திரம் வந்ததும் அது போயிற்று. அதற்கு மாற்றாக டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்வைத்தது. 14 இயந்திரங்களை ஒன்றாக இணைத்து, மொத்தக் கூட்டலை மட்டும் காட்டும். சட்ட ஆணையமும் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. எங்கே ஓட்டுக் குறைந்தது என்று தெரிந்தால்தான் கட்சிகள் அந்தப் பகுதியில் கூடுதலாக உழைக்கும் என்று காரணம் சொன்னார்கள். குறைந்த இடத்தில் கூடுதலாக உழைத்ததை நான் பார்க்கவில்லை. சிவப்புச் சுழிப்பைத்தான் பார்த்தேன்.

பூத் கணக்கு தெரியாவிட்டால் முறைகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பூத்திலும் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று ஏஜென்ட் கையில் கொடுக்கும் படிவம் 17சி அப்படியே இருக்கட்டும். 14 பூத்தின் பதிவைக் கூட்டி, டோட்டலைசர் காட்டும் மொத்தத்தோடு சரிபார்க்கலாம். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று இயந்திரத்தோடு இருக்கும் அச்சுப்பெட்டி காட்டும் ஒப்புகைச் சீட்டைச் சரிபார்ப்பதையும் இதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம்.

2013இல் நோட்டா வந்ததே ரகசியத்தைக் காக்கத்தான். அதற்கு முன்னால் யாருக்கும் ஓட்டில்லை என்றால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது ரகசியத்தை உடைக்கிறது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தனி ஒரு ஆளுக்குக் கொடுத்த அந்தப் பாதுகாப்பை ஒரு தெருவுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யார் எங்கள் தெருவுக்கு வந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், டோட்டலைசருக்குச் சம்மதமா இல்லையா என்று கேட்கப் போகிறேன். அந்த அக்காவும் கூட நின்று கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.