மினரல்னு கேட்டா அவ்வளவு சிரிப்பா வருதா?

ஞாயித்துக்கிழமை பால் சங்கக் கூட்டத்துல நடந்தத வீடியோவுல எல்லாரும் பாத்துட்டீங்க, திரும்ப கத சொல்லல. ஆனா அந்த அக்கா "மாட்டுக்கு மினரல் தூள் குடுத்தா அன்டிபயோட்டிக் ஊசிய கொறைக்கலாமா சேர்"னு கேட்டதுக்கு மேடையில இருந்தவரு சிரிச்சதும் கூட சேந்து நம்ம ஆளுங்களே சிரிச்சதும் எனக்கு தாங்கல. அது சரியான கேள்வி.

மினரல்னா சின்க், செலினியம் மாதிரி தாதுச் சத்து. மடி வீங்குற மடிநோய் வந்த பொறகு அது மருந்தாகாது. வராம தடுக்கத்தான் சொல்றேன். காம்பு தொவாரத்த உள்ள அடைச்சு நிக்கிற மெழுகு மாதிரி பொருள் உருவாக சின்க் வேணும். உள்ள போன கிருமிய வெள்ளை அணு கொல்லணும்னா செலினியமும் விட்டமின் ஈயும் வேணும். நம்ம தேயிலை மண்ணு புளிப்பு மண்ணு, மழை வேற சத்த கழுவிக்கிட்டு போயிருது, அதுல மொளைச்ச புல்ல மட்டும் தின்னுற மாட்டுக்கு இதெல்லாம் எங்கருந்து வரும்?

எங்க பசுவுக்கு மடிநோய் வந்தப்போ ஊசி போட்டாங்க. மருந்து எறங்கி முடியிற வரைக்கும் அந்த பால குடுக்கக் கூடாது, அது நியாயம். அம்மா விடிய எழும்பி கறந்து கறந்து தண்ணி ஓடுற கான்ல ஊத்துனாங்க, தங்கச்சி கிளாஸ் காசே அந்த பால நம்பித்தான். மறுபடி அதே காம்பு வீங்கிச்சு, மறுபடி ஊசி. தீவனத்துல என்ன போடுறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. பொறகு வந்த வேற ஒரு டொக்டர்தான் கேட்டாரு. தவிடு புண்ணாக்கோட மினரல் கலக்கச் சொன்னாரு, பட்டித் தரைய காய வைக்கச் சொன்னாரு, கறந்த ஒடனே காம்ப மருந்துத் தண்ணியில முக்கச் சொன்னாரு. மூணும் சேந்துதான் வேல செஞ்சிச்சு, தூளு மட்டும்னு பொய் சொல்ல மாட்டேன்.

"அன்டிபயோட்டிக்க கொறைக்கிறதெல்லாம் வெளிநாட்டுக் கத, இங்க சரிவராது"ன்னு கமென்ட்ல சொல்றீங்க. மாடு கோழி சீக்கிரம் வளரட்டும்னு தீவனத்துல அன்டிபயோட்டிக் கலக்குறத சுவீடன் 1986லயே நிறுத்திச்சு, ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006ல நிறுத்திச்சு. அங்க பண்ணைய இழுத்து மூடிட்டாங்களா? 2022ல சின்கையும் தடை பண்ணிட்டாங்கன்னு கமென்ட் போட்ட தம்பி, அது பால்குடி மறந்த பன்னிக்குட்டிக்கு வயித்துப்போக்கு வராம இருக்க தீவனம் கிலோவுக்கு 2500 மில்லிகிராம் வரைக்கும் சின்க் சேர்ற அளவுக்கு சின்க் ஒக்சைட் கொட்டுன கத, அவ்வளவு போட்டா மண்ணும் கெடும், கிருமியும் மருந்துக்கு அடங்காமப் போகும். சத்துக்கு சேக்கிற சின்க்க அங்க யாரும் நிறுத்தல. செலினியமும் அளவு கூடினா வெசம்தான், அதுக்காக அளவா குடுக்கிறதும் தப்பா?

நான் மினரல் விக்கிற கொம்பனி ஆளான்னு கேட்டவங்களுக்கு பதிலே கெடையாது.

நாள் பூரா தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு, பொழுது சாய புல்லுக்கட்டும் சொமந்துகிட்டு லயத்து வீட்டுக்கு வர்ற பொம்பளைக்கு மாட்டப் பத்தி கேள்வி கேக்க உரிமை இல்லையா? நான் வாங்குற மினரல் பைக்கட்டுல ஒரு வரி தமிழ் இல்ல. ஊசி மருந்து போத்தல்லயும் இல்ல. எத்தன கிராம், எத்தன நாளைக்கு பால் ஊத்தக் கூடாதுன்னு எங்க ஆளுங்க எப்பிடி தெரிஞ்சுக்குவாங்க? மொதல்ல அத தமிழ்ல போடுங்க சேர், பொறகு சிரிக்கலாம். அதுவரைக்கும் யாருக்காவது புரியலன்னா பைக்கட்ட போட்டோ எடுத்து இன்பொக்ஸ்ல போடுங்க, தமிழ்ல எழுதித் தாறேன்.