பையன்களுக்கு வந்த பேருந்து

இன்று காலை பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மாநிலக் கூடைப்பந்துப் போட்டியின் முதல் கட்டமான பையன்களின் செக்ஷனலுக்கு மாணவ ரசிகர்களை அழைத்துச் செல்ல இரண்டு பேருந்துகள் ஏற்பாடாகி இருக்கின்றன, கட்டணம் கிடையாது, முதலில் பெயர் கொடுக்கும் நூறு பேருக்குப் பீட்சாவும் டி-ஷர்ட்டும் உண்டு, பேண்டு வாத்தியக் குழுவும் சியர்லீடர்களும் கூடவே வருகிறார்கள், எல்லாரும் பள்ளியின் நிறத்தில் உடுத்தி வந்து ஆட்டம் நடக்கும் அந்த உள்ளரங்க ஜிம்மை அதிர வைக்க வேண்டும். அடுப்பில் பால் பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல் அதை மூன்று முறை படித்தேன். நான்கு வாரங்களாக வயிற்றுக்குள் போட்டு அமுக்கி வைத்திருந்ததை இனி ஒரு நாள்கூட அமுக்கி வைக்க என்னால் முடியாது.

அமெரிக்காவின் இண்டியானாவில் பெண் பிள்ளையைக் கூடைப்பந்து ஆட அனுப்பும் பெற்றோருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பெண்களின் மாநிலப் போட்டி பிப்ரவரித் தொடக்கத்தில் செக்ஷனலாக ஆரம்பிக்கிறது. தோற்றால் அன்றோடு அந்த ஆண்டு முடிந்தது. பையன்களுக்கோ அப்போது வழக்கமான லீக் ஆட்டங்களே இன்னும் முடிந்திருக்காது; அவர்களுடைய செக்ஷனல் மார்ச்சில்தான். ஆகவே நம் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடும் வெள்ளிக்கிழமை, பள்ளிக்குப் பையன்களின் இன்னொரு வெள்ளிக்கிழமையாக மட்டுமே இருக்கிறது. ஆண்டுதோறும் இதே கதைதான்.

நான்கு வாரங்களுக்கு முன், செவ்வாய்க்கிழமை இரவு எங்கள் பெண்கள் செக்ஷனலின் முதல் சுற்றில் வென்றார்கள். வெள்ளி இரவு அரையிறுதி. புதன்கிழமை மதியம் ரசிகர் பேருந்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. வியாழக்கிழமை மதியமே பெயர்ப்பட்டியலை மூடிவிட்டார்கள். இருபத்து நான்கு மணி நேரம்! அதில் எட்டு மணி நேரம் பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். ஏழு மணி நேரம் வகுப்பில் இருந்திருப்பார்கள். பையன்களுக்கு இன்று கொடுத்திருக்கும் அவகாசம் ஆறு நாட்கள். வியாழன் பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு அடுத்த மின்னஞ்சல் வந்தது. பெண்கள் அணியை நினைத்துப் பெருமைப்படுகிறோம் என்று முதல் வரி. பெயர் கொடுத்தவர்கள் குறைவாக இருப்பதால் பேருந்து ரத்து என்று இரண்டாவது வரி. வெள்ளி இரவு நம் சொந்த ஜிம்மில் பையன்களின் சீனியர் நைட், அதாவது கடைசி ஆண்டு படிப்பவர்களைக் கௌரவிக்கும் இரவு, நடக்கிறது, அனைவரும் திரண்டு வாருங்கள் என்று மூன்றாவது வரி. பேண்டு எங்கே இருக்கும், சியர்லீடர்கள் எங்கே இருப்பார்கள் என்பதைத் தனியாக எழுதவே இல்லை. எழுதத் தேவை இல்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

உடனே விளையாட்டுத்துறை இயக்குநரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பையன்கள் ஆட்ட அட்டவணை ஓராண்டுக்கு முன்பே போடப்பட்டது, இனி மாற்ற இயலாது என்றார்கள். செக்ஷனல் தேதி மட்டும் நேற்றா தெரிந்தது? மாநில விளையாட்டுச் சங்கம் அதை எத்தனையோ மாதங்களுக்கு முன்பே நாட்காட்டியில் போட்டு வைத்திருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையில் தங்கள் பெண்கள் ஆடக்கூடும் என்பது அட்டவணை போட்டவர்களுக்குத் தெரியாமல் இல்லை. பெண்கள் அதுவரை தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தார்களா, அல்லது தாக்குப்பிடித்தாலும் அதைப் பார்க்க யாரும் போக வேண்டியதில்லை என்று நினைத்தார்களா? இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வெள்ளி மாலை பனி தூறிக்கொண்டிருந்தது. நாற்பத்தைந்து நிமிடம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தோம். எங்கள் ஆட்டம் ஏழரை மணிக்கு. திண்டுக்கல்லில் அப்போது சனிக்கிழமை காலை ஆறு மணி. என் அம்மா விடியற்காலையிலேயே எழுந்து, பக்கத்து வீட்டுப் பையனை அழைத்து நேரலையை டிவியில் போட வைத்து, பேத்தியைப் பார்ப்பதற்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது எதிரணியின் பேண்டு. டிரம்பெட், டிரம்போன், பெரிய டிரம் என்று முப்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் முகத்தில் சாயம் பூசிய மாணவர்கள் கூரைக்குக் கீழ் வரைக்கும் நெருக்கியடித்து நின்றார்கள். எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். முப்பத்தேழு பேர். எண்ணினேன், ஒருவர் விடாமல் எண்ணினேன். பெற்றோர், தாத்தா பாட்டிகள், தம்பி தங்கைகள், ஒரு கைக்குழந்தை, சென்ற ஆண்டு படிப்பை முடித்துப் போன இரண்டு பெண்கள். எங்கள் பள்ளியில் இப்போது படிக்கும் மாணவர்கள் என்று பார்த்தால் நான்கு பேர். அந்த நான்கு பேரும் தங்கள் சொந்தக் காரில் வந்தவர்கள்.

அணியை அறிமுகப்படுத்தினார்கள். என் மகள் பாயிண்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவள். பெயரைச் சொன்னதும் விளக்கொளியில் ஓடி வந்தாள். கைதட்டல் கேட்டது, எந்தக் கைதட்டல் யாருடையது என்று சொல்லிவிடும் அளவுக்குத் தனித்தனியாகக் கேட்டது. என் கணவரின் சத்தம், சென்டராக ஆடும் எங்கள் உயரமான பெண்ணின் அப்பாவுடைய சத்தம், அந்த இரண்டு பழைய மாணவிகளின் சத்தம். அவ்வளவுதான். அடுத்து எதிரணிப் பெண்களை அறிமுகப்படுத்தியபோது பலகை இருக்கை என் காலுக்கடியில் அதிர்ந்தது.

அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகள் ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் ஏழு புள்ளி பின்தங்கியவர்கள் மூன்றாவது குவார்ட்டரில் எட்டிப் பிடித்தார்கள். கடைசிக் குவார்ட்டர் முழுவதும் ஒரு புள்ளி முன்னே, ஒரு புள்ளி பின்னே என்று போனது. ஒன்பது வினாடிகள் மீதமிருக்க, 40–42 என்று இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். எங்கள் சென்டரை ஃபவுல் செய்தார்கள். அந்தக் குவார்ட்டரில் அவர்களுக்கு அது ஐந்தாவது ஃபவுல், ஆகவே இரண்டு ஃப்ரீ த்ரோ: யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியலாம், விழுந்தால் ஒன்றுக்கு ஒரு புள்ளி.

அந்த ஒன்றரை நிமிடத்தை நான்கு வாரங்களாகத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குப் பதினாறு வயது. கோட்டுக்கு வந்து நின்றாள். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தாள். எதிரே கூடைக்குப் பின்னால் முந்நூறு பேர் கையை அசைத்துக் காலால் பலகையை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் பந்தைக் கையில் கொடுக்கும் வரைக்கும் பெரிய டிரம் அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. தங்கள் பெண்களுக்காக வந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள், செய்ய வேண்டும். அவள் ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எங்களில் யாரையாவது பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. பாதி காலியாகக் கிடந்த பலகைகளைத்தான் அவள் பார்த்திருப்பாள். பந்தை மூன்று முறை தரையில் தட்டினாள். முழங்காலை மடக்கினாள். எறிந்தாள். வளையத்தின் பின்புறம் பட்டு, முன்புறம் பட்டு, வெளியே விழுந்தது. எதிர்ப்பக்கம் எழுந்த ஆரவாரத்தில் அந்தக் கைக்குழந்தை வீறிட்டு அழுதது. எங்கள் முப்பத்தேழு பேரும் கத்தினோம், தொண்டை கிழியக் கத்தினோம், எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. அவள் மறுபடி கையைத் துடைத்தாள், மறுபடி மூன்று முறை தட்டினாள். இரண்டாவது உள்ளே விழுந்தது. 41–42. அவர்கள் பந்தைப் பிடித்துக் கைமாற்றிக் கைமாற்றி ஒன்பது வினாடிகளையும் கடத்திவிட்டார்கள்.

பேண்டு வந்திருந்தால் அந்தப் பந்து விழுந்திருக்குமா என்று கேட்பார்கள். விழுந்திருக்கும் என்றே சொல்வேன். இதில் நியாயம் பேசும் நிலையில் நான் இல்லை.

எதிரணிப் பள்ளிக்கும் அந்த வெள்ளிக்கிழமை பையன்கள் ஆட்டம் இருந்தது என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. பாப்கார்ன் வாங்கும் இடத்தில் என் பக்கத்தில் நின்ற அவர்கள் பள்ளித் தாய் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: பெண்கள் செக்ஷனல் இருக்கிறதே என்று பையன்கள் ஆட்டத்தை முந்தைய நாள் வியாழனுக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரே ஒரு தொலைபேசி அழைப்புதான், அவர்களோடு ஆடவிருந்த பள்ளியும் உடனே சம்மதித்துவிட்டதாம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முடியாது என்று எங்களிடம் சொன்ன அதே காரியத்தை அடுத்த ஊரில் ஒருவர் தொலைபேசியை எடுத்துப் பேசி முடித்திருக்கிறார்.

இதே இண்டியானாவில், ஃபிராங்க்ளின் கவுண்டியில், ஒரு பெண்கள் அணிப் பயிற்சியாளர் 2009-ல் பள்ளி நிர்வாகங்கள் மீது வழக்கே போட்டார். பையன்களின் ஆட்டங்களில் ஏறக்குறைய 95 சதவீதம் மறுநாள் பள்ளி இல்லாத நல்ல இரவுகளில் நடந்தன. பெண்களுக்கு அது 53 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2012 ஜனவரியில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை அற்பமான குறை என்று தள்ளிவிட மறுத்தது. வார நாளில் ஆட வைத்தால் கூட்டம் வராது, கூட்டம் வராததால் பெண்கள் ஆட்டத்துக்கு ஊரில் ஆதரவு வளராது, பிள்ளைகளுக்கும் தாங்கள் இரண்டாந்தரம் என்ற எண்ணம் வந்துவிடும் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. பக்கத்து மாநிலமான மிச்சிகனில் பெண்கள் கூடைப்பந்தை அதன் வழக்கமான பருவமான குளிர்காலத்திலிருந்து விலக்கி இலையுதிர் காலத்தில் ஆட வைத்திருந்தார்கள். பெற்றோர் 1998-ல் தொடுத்த வழக்கு 2007-ல் உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் பருவத்தை மாற்றினார்கள். பெயர் கொடுத்தவர்கள் குறைவு என்று எங்கள் பள்ளி சொன்ன காரணம் இருக்கிறதே, அதைத்தான் அந்த நீதிபதிகள் பத்தாண்டுக்கு முன்பே பிரித்துக் காட்டிவிட்டார்கள். கூட்டம் வராதபடி செய்துவிட்டு, கூட்டம் வரவில்லையே என்று நம்மிடமே சொல்கிறார்கள்.

கூடைப்பந்து என்றால் உயிரை விடும் மாநிலம் இது. சிறிய ஊரிலும் ஊரே உட்காரக்கூடிய ஜிம்மைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பையன்களின் மாநிலப் போட்டி 1911-ல் தொடங்கியது. பெண்களுக்கு முதல் போட்டி 1976-ல்தான் நடந்தது. வார்சா பள்ளி அதை வென்றது, அந்த அணியின் ஜூடி வாரன் மாநிலத்தின் சிறந்த பள்ளி வீராங்கனைக்குத் தரும் மிஸ் பாஸ்கெட்பால் விருதை முதலில் பெற்றார். அறுபத்தைந்து ஆண்டுகள் காக்க வைத்தது போதாதா? பெண்களின் மாநில இறுதியாட்டம் நடக்கும் இண்டியானாபொலிஸ் அரங்கில்தான் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தின் நட்சத்திரமான கெய்ட்லின் கிளார்க்கும் ஆடுகிறார். அவருடைய முதல் ஆண்டான 2024-ல், அவருடைய ஃபீவர் அணி சொந்த ஊரில் ஆடிய ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 17,000 பேருக்கு மேல் வந்தார்கள். எங்கள் பள்ளி நடைபாதையில் அவருடைய 22-ஆம் எண் சட்டையை அணிந்த பையன்களைத் தினமும் பார்க்கலாம். பெண்கள் ஆடினால் யாரும் வர மாட்டார்கள் என்று இனியும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

எங்கள் அணியில் நான்கு பெண்கள் கடைசி ஆண்டு படிப்பவர்கள். அந்த இரவோடு அவர்களின் பள்ளிக் கூடைப்பந்து முடிந்தது. அவர்களுக்கும் ஒரு சீனியர் நைட் நடந்தது. ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, பேண்டு இல்லாமல். பையன்கள் மலர்க்கொத்தோடு மைதானத்தின் நடுவே நின்று தம் பெற்றோரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், இந்த நால்வரும் வேறொரு பள்ளியின் உடை மாற்றும் அறையில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

வீடு திரும்பும்போது காரில் என் மகள் வெகுநேரம் பேசவில்லை. பாதி வழியில் கைப்பேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "பசங்க ஜெயிச்சுட்டாங்கம்மா" என்றாள். உண்மையான மகிழ்ச்சியோடு சொன்னாள். அவர்களில் இருவருக்கு வாழ்த்துச் செய்தியும் அனுப்பினாள். அவர்கள் யாரும் இவளை எப்படி ஆடினாய் என்று கேட்டு ஒரு செய்தியும் அனுப்பியிருக்கவில்லை. நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்குள் அம்மாவிடமிருந்து அழைப்பு. பேத்தி நன்றாக ஆடினாள், அந்த உயரமான பிள்ளையை யாரும் திட்டிவிடாதீர்கள் என்றார். பிறகு கேட்டார்: "ஏத்தா, அந்தப் பக்கம்தான் கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. நம்ம பள்ளிக்கூடத்துலருந்து யாரும் வரலையா?"

மைக் அந்தப் பக்கமாக வைத்திருந்தார்கள், அதனால்தான் நம் பக்கம் கேட்கவில்லை என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.