தண்டையார்பேட்டையிலும் ரெண்டு தேனீப் பெட்டி இருக்கு

மார்த்தாண்டத்துக் குடும்பம் ஒன்று தலைமுறைகளாகத் தேனீயை நம்பி வாழ்வதைப் படித்ததும் மாமனார் ஞாபகம் வந்தது. அவரும் அந்தப் பக்கம்தான், தேனீ வளர்ப்பவர். 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் பரவி, புழுக்களெல்லாம் தண்ணிப் பை மாதிரி ஊதிச் செத்தன. பெட்டிகள் காலி. மனிதர் விடாமல் மறுபடி வளர்க்கத் தொடங்கினார்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று: அங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்துடையது. அதுவும் பூவில் ஊறுவதில்லை. மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கிறது. நானும் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அவர் கொடுத்த ஒரு பெட்டி எங்கள் மொட்டைமாடிக்கு வந்தது. "இந்தப் புகையில பூவுக்கு எங்கடா போகும்?" என்றார் அம்மா. முருங்கையும் புங்கமும் வேம்பும் இங்கேயும் இருக்கே! எறும்பு ஏறாமல் ஸ்டாண்டு காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம், கோடையில் மேலே ஈரச்சாக்கு. அவ்வளவுதான் செலவு.

போன மாதம் கூட்டம் பிரிந்து எதிர்வீட்டு முருங்கையில் தொங்கியது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போனவரை நிறுத்திவிட்டு, மனைவியே ஏறிப் பிடித்து வந்தாள். எதிர்வீட்டுக்கு ஒரு பாட்டில் தேன் பாக்கி.