உண்மை விளக்கம்: எண்ணூர் கழிமுகம் 'வெறும் சேறு' அல்ல

"பழவேற்காடு சரணாலயம் பத்திரமா இருக்கு. எண்ணூர் கழிமுகம் வெறும் சேறு, மூடினாலும் பறவைக்கோ மீனுக்கோ நஷ்டமில்லை." வடசென்னை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

1980-ல் பழவேற்காடு பறவைகள் சரணாலயம் ஆனது உண்மைதான். ஆனால் சரணாலய எல்லை நாம் வரைந்த கோடு, தண்ணீருக்கு அது தெரியாது. பழவேற்காடு ஏரியையும் எண்ணூரையும் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் இணைக்கின்றன. கொசஸ்தலையாறு எண்ணூரில்தான் கடலைச் சேர்கிறது.

இறாலையே பாருங்கள். பல வகை இறால்கள் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, அலையாத்திக்கும் சேற்றுக்கும் நடுவே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். வழியை மண்ணோ சாம்பலோ அடைத்தால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். கையால் தடவி இறால் பிடிக்கும் எண்ணூர்க்காரர்களைக் கேளுங்கள், அடைபட்ட இடத்தை அவர்களே காட்டுவார்கள். பறவைகளுக்கும் அப்படித்தான். ஏரியில் நீர் ஆழமாகும் நாட்களில் கரையோரப் பறவைகள் இரை தேட ஆழமில்லாத வேறு சேற்றுப்பரப்பு வேண்டும்.

அப்புறம், எண்ணூர் சரணாலயம் இல்லை என்பதால் அதைக் காக்கச் சட்டமே இல்லை என்பதும் பொய். அலையாத்திக் காடும் உயிர்ப்புள்ள சேற்றுப்பரப்பும் கடலோரத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல (CRZ) அறிவிக்கையில் மிகக் கடுமையான பிரிவில் வருகின்றன. 2022 டிசம்பரில் இந்தியா உட்பட உலக நாடுகள் ஏற்ற குன்மிங்–மாண்ட்ரியல் பல்லுயிர்ப் பாதுகாப்பு உடன்பாடும், 2030-க்குள் 30 சதவீத நிலத்தையும் நீரையும் காக்கச் சொல்லும்போது, அப்பகுதிகள் ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருக்க வேண்டும் என்கிறது.

அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால், தயவுசெய்து இதை அதன் கீழே போடுங்கள்.