ஈரநிலம் பாத்திரம் அல்ல

ஒரு சதுப்பு நிலத்தை ஆழமாகத் தோண்டி, கரையில் கல் பதித்து, தண்ணீர் நிறைத்து 'மீட்டதை'க் காட்டும் அந்த ட்ரோன் காணொளியை எனக்கு இதுவரை பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். இசையோடு பார்த்தேன், இசையை நிறுத்திவிட்டும் பார்த்தேன். 'சதுப்பு நிலம் மீட்கப்பட்டது' என்று பொன் எழுத்தில் வருகிறதே, அந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கியும் பார்த்தேன். அதன் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தோண்டுவதற்கு முன்னால் வருடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எவ்வளவு ஆழத்துக்கு?" வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். "மேடத்துக்கு எதைச் செய்தாலும் குறை" என்பதுதான் அவற்றிலேயே நாகரிகமானது.

சரி, குறையாகவே இருக்கட்டும். அங்கே சொல்ல இடம் போதவில்லை, இங்கே சொல்கிறேன்.

ஈரநிலம் பாத்திரம் அல்ல. ஆழமாக்கினால் கூடுதலாகக் கொள்ளும், கூடுதலாகக் கொண்டால் நல்லது என்ற கணக்கு குடத்துக்குச் சரி, அண்டாவுக்குச் சரி. சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் ஏறுவது எவ்வளவு முக்கியமோ, இறங்குவதும் அவ்வளவு முக்கியம். அங்கே வளரும் செடிகளில் பலவற்றின் விதை தேங்கிய நீருக்கடியில் முளைக்காது. நீர் வற்றிச் சேறு வெளியே தெரியும் சில வாரங்களுக்காக அது காத்துக் கிடக்கும், சில சமயம் வருடக்கணக்கில். மேல்மண்ணில் சில சென்டிமீட்டருக்குள்தான் கிடக்கும். காணொளியில் லாரிகள் வரிசையாகப் போகும் காட்சி இருக்கிறதே, அதற்குத்தான் கைதட்டல் அதிகம். 'தூர்' என்று பேர் வைத்து அந்த லாரிகளில் ஏற்றி அனுப்பியது அந்த நிலத்தின் விதைக் கிடங்கை.

அப்புறம் கல் பதித்த கரை. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சதுப்பு நிலத்தின் பாதி வேலை ஓரத்தில்தான் நடக்கிறது. ஆழம் குறைந்த தண்ணீர், அதன் அடியில் ஆக்சிஜன் உள்ள மெல்லிய மண்ணடுக்கு, சில மில்லிமீட்டர் கீழே போனால் ஆக்சிஜனே இல்லாத கறுப்புச் சேறு. மேலடுக்கில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும். கீழடுக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அதற்கு அவற்றுக்குத் தீனி, செத்து மக்கிய கோரையும் சம்பும். 'சதுப்பு நிலம் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது' என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, சுத்தம் செய்வது இந்த ஓரம். ஓரத்தைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதித்துவிட்டு, சுத்திகரிக்கும் என்று பலகையும் வைத்தால் எப்படி?

"பறவை வந்திருக்கிறதே?" என்று கேட்பவர்களுக்கு: வந்திருக்கிறது. நீர்க்காகம். முங்கி மீன் பிடிக்கும் பறவைக்கு ஆழம் பிடிக்கும். உள்ளானுக்குக் கால் எவ்வளவு நீளம் என்று யாராவது பார்த்தீர்களா? ஈரச் சேறும், அதன்மேல் சில சென்டிமீட்டர் தண்ணீரும் இருந்தால்தான் அது இரை தேட முடியும். வந்த பறவையைப் படம் எடுத்துப் போட்டுவிடலாம். வராமல் போன பறவையை எப்படிப் படம் எடுப்பது?

"ராம்சர் வரையறையில் செயற்கைக் குளமும் ஈரநிலம்தானே" என்று ஒருவர் சட்டம் பேசியிருந்தார். ஆமாம். ராம்சர் என்பது ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம்; 1971இல் எழுதிய அதன் வரையறையில் செயற்கையும் உண்டு. அதே வாக்கியத்தில் 'நிரந்தரமோ தற்காலிகமோ' என்றும் இருக்கிறது. வற்றுவதும் ஈரநிலத்தின் இயல்பு என்று அப்போதே ஒப்புக்கொண்டார்கள். நீங்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

"வெள்ளத்தைத் தேக்க ஆழம் வேண்டாமா?" இது நியாயமான கேள்வி. இதற்கு மட்டும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். தேவைப்படும் இடத்தில் ஏரி வெட்டுங்கள், ஏரி என்றே பேர் வையுங்கள், நானே வந்து வாழ்த்துகிறேன். ஆனால் ஒன்று: எப்போதும் ததும்ப ததும்ப நிறைத்து வைத்த பள்ளத்தில் வெள்ளம் வரும்போது இடம் எங்கே இருக்கும்? காலியாக இருக்கும் இடம்தானே வெள்ளத்தை வாங்கும். சரி, முழுவதும் இறங்கி வரவில்லை போலிருக்கிறது.

"ஈரநிலம் மீத்தேன் விடுகிறதாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல இன்று எனக்குப் பொறுமை இல்லை.

மீட்பே கூடாது என்கிறேனா? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிஸிம்மி என்று ஓர் ஆறு. 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடிய ஆற்றை, வெள்ளத் தடுப்பு என்று சொல்லி 90 கிலோமீட்டர் நேர்க் கால்வாயாக வெட்டினார்கள். வேலை முடிந்தது 1971இல், ராம்சர் ஒப்பந்தம் கையெழுத்தான அதே வருடம். இரு கரையிலும் இருந்த சதுப்பு காய்ந்தது, குளிர்காலத்தில் வரும் வாத்துகள் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. பிறகு புத்தி வந்து மீட்டார்கள். எப்படி? தோண்டவில்லை. வெட்டிய கால்வாயில் சுமார் 35 கிலோமீட்டரை மண் போட்டு மூடினார்கள். பழைய வளைவுகளில் தண்ணீர் திரும்பியது, பறவைகளும் திரும்பின. 1999இல் மூட ஆரம்பித்தது, கட்டுமான வேலை முடிந்தது 2021இல். பிச்சாவரத்திலும் வெட்டிய காட்டில் மண் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பேறி அலையாத்தி வராமல் போன இடங்களில் முதலில் கவனித்தது அலைநீர் வந்து போக வழியைத்தான். வாய்க்கால் வெட்டி அந்த வழியைத் திறந்த பிறகுதான் நாற்று. அங்கேயும் தோண்டினார்கள்தான், ஆனால் தண்ணீரை நிறுத்தி வைக்க அல்ல, நகர வைக்க.

என் கதையும் ஒன்று இருக்கிறது, பெருமைக்குரியது இல்லை. ஆய்வுக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் 'மீட்டேன்'. ஆர்வக் கோளாறு. அறுநூறு கோரை நாற்றுகளை முழங்கால் சேற்றில் நின்று என் கையால் நட்டேன், வரிசை பிடித்து, பள்ளிக்கூட அணிவகுப்பு மாதிரி. படம்கூட எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் நீர் நான் நினைத்ததைவிட முழங்கை அளவு மேலே ஏறி நின்றது, இறங்கவே இல்லை. அறுநூறும் அழுகின. என் வழிகாட்டி திட்டவில்லை. "நட்டது தப்பில்லை, தண்ணீரைக் கேட்காமல் நட்டாய்" என்றார். பிறகு கையில் நீர்மட்டம் பார்க்கும் ஓர் அளவுக் கம்பைக் கொடுத்தார். அன்றிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர்தான் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒலண்டாங்கி ஆற்றோரம் நடந்த சோதனையைப் பற்றி முதலில் சொன்னவர். வில்லியம் மிட்ச் என்ற சூழலியல் பொறியாளர் 1994இல் ஒரு ஹெக்டேர் அளவில் இரண்டு ஈரநிலங்களை உருவாக்கினார். ஒன்றில் 13 வகைகளில் சுமார் 2,400 செடிகள் நட்டார்கள். மற்றதில் ஒன்றுமே நடவில்லை. இரண்டுக்கும் ஆற்றிலிருந்து ஒரே அளவு தண்ணீர். மூன்று வருடத்தில் இரண்டும் பெரும்பாலான அளவீடுகளில் ஒன்றுபோல ஆகிவிட்டன. நட்டதில் செடி வகைகள் அதிகம் இருந்தன, அந்த வித்தியாசம் பின்னாலும் தெரிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் தண்ணீரைச் சரியாகக் கொடுத்தால் நிலம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இதற்கு நாடா வெட்ட முடியாது, அதுதான் சிக்கல்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட என்னைக் குத்திய கேள்வி: "நீங்கள் களத்தில் என்ன கிழித்தீர்கள்?"

ஒன்பது வருடமாகத் தண்ணீர் அளந்தேன். அவ்வளவுதான். மண்ணில் புதைத்த குழாய்களுக்குள் அளவு நாடாவை இறக்கி, வாரம் ஒரு முறை, காய்ச்சலிலும்கூட. மூன்றாம் வருட முடிவில் நிதி நின்றது. "எத்தனை வருடம்தான் அளப்பீர்கள், எப்போது ஏதாவது செய்வீர்கள்?" என்று கேட்டார்கள், யாரென்று சொல்லப் போவதில்லை. மீதி ஆறு வருடம் என் சொந்தக் கணக்கு. நிலம் லேசாகப் பேச ஆரம்பித்ததே நான்காம் வருடத்தில்தான்.

அளந்தவர்கள் சொல்வது யாருக்கும் இனிக்காது, தெரியும். மீட்கப்பட்ட, புதிதாக உருவாக்கிய 621 ஈரநிலங்களின் தரவுகளைத் தொகுத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. நூறு வருடம் போன பிறகும் உயிரினக் கட்டமைப்பு, அதாவது என்னென்ன செடி, உயிரினம் எவ்வளவு இருக்கிறது என்பது, இயற்கை நிலத்தைவிடச் சராசரியாக 26 சதவீதம் குறைவு, மண்ணில் கார்பனைச் சேர்ப்பது போன்ற வேலைகள் 23 சதவீதம் குறைவு. அமெரிக்காவின் சான் டியாகோ விரிகுடாவில் ஓர் அரிய நீர்க்கோழிக்காகவே உப்புச் சதுப்பு உண்டாக்கினார்கள். புல் வளர்ந்தது. ஆனால் மணல் மண்ணில் நைட்ரஜன் நிற்கவில்லை, அந்தப் பறவை கூடு கட்டத் தேவையான உயரத்துக்குப் புல் வரவே இல்லை. ஜாய் செட்லர் என்ற சூழலியலாளரும் அவருடைய குழுவும் வருடக்கணக்கில் புல்லின் உயரத்தை அளந்ததால்தான் அது தெரிந்தது. ட்ரோனில் பார்த்திருந்தால் பச்சையாக, அருமையாகத்தான் தெரிந்திருக்கும்.

நேற்றிரவு தூக்கம் வராமல் மறுபடி அந்தக் காணொளியைப் போட்டேன். நாற்பதாவது நொடியில், வலது ஓரத்தில், இன்னும் தோண்டாத ஒரு துண்டு நிலம் தெரிகிறது. கோரை அடர்ந்து, நடுவில் திட்டுத் திட்டாகச் சேறு. அதன் மேல் அம்புக்குறி போட்டு 'இரண்டாம் கட்டப் பணி' என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே இயந்திரம் போவதற்கு முன்னால் ஓர் அளவுக் கம்பு நடுங்கள். யார் படிப்பது என்று கவலை வேண்டாம், நான் வருகிறேன்.